கல்யாண ஆல்பத்தில் பொண்ணை வெளுக்கச் சொல்கிறார்கள்: டி.வி. செய்த வேலையா, நம்ம ஊர்ப் பழக்கமா?

அருப்புக்கோட்டை ஸ்டுடியோ (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, வளைகாப்பு என்று வருஷம் பூராவும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் அக்கா பையனுக்கும் ஒரு வாக்குவாதம். அதை யாராவது தீர்த்து வைத்தால் புண்ணியம்.

விஷயம் இதுதான். வைகாசியில் ஒரு கல்யாணம் எடுத்தேன். பொண்ணு நல்ல கறுப்பு, களையான முகம். சிரித்தால் கேமராவைக் கீழே வைக்க மனசு வராது. மாப்பிள்ளை மாநிறம். ஆல்பம் டிசைன் பார்க்கப் பொண்ணும் அம்மாவும் வந்தார்கள். அம்மா மானிட்டரில் நாலு பக்கம் பார்த்தார். அப்புறம் தன் போனை எடுத்து ஒரு சீரியல் நடிகையின் படத்தைக் காட்டி, "தம்பி, இந்தக் கலருக்குக் கொண்டாந்துருங்க" என்றார். பொண்ணு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, வளையலை உருட்டிக்கொண்டிருந்தது.

செய்து கொடுத்தேன். செய்யாமல் எப்படி? பாக்கிப் பணமே ஆல்பம் கைக்குப் போனால்தான் வரும்.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இது ஒரு பட்டனை அமுக்கினால் முடிகிற காரியம் இல்லை. முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து (அதைத்தான் மாஸ்க் என்போம்) கர்வ்ஸ் என்ற கருவியில் வெளிச்சத்தைத் தூக்கினால் காதும் கழுத்தும் வேறு ஆளுடையது போல நிற்கும். கழுத்தைத் தூக்கினால் நெக்லஸ் வெளுத்துப் பித்தளையாகிவிடும். கையைத் தூக்கினால் மருதாணி போச்சு. ராத்திரி பூராவும் கையை விரித்து வைத்துச் சிவக்க வைத்த மருதாணி, ஆல்பத்தில் வெறும் ஆரஞ்சுக் கறை. தாலி கட்டுகிற படத்தில் மஞ்சள் கயிறு வெள்ளை நூலாகிவிடும், அதற்கு மட்டும் மறுபடி மஞ்சள் ஏற்ற வேண்டும். குளோசப் என்றால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் போய்விடும். இவ்வளவு செய்தும், மேடையில் சொந்தபந்தம் எல்லாம் நிற்கிற குரூப் போட்டோவில் பொண்ணு பழைய கலரில்தான் நிற்கும். அத்தனை தலைக்கு நடுவில் யார் மாஸ்க் போடுவது?

ஆல்பம் கொடுத்த பிறகு அந்தப் பொண்ணே போன் செய்தது. "அண்ணா, மாத்தாத ஒரிஜினல் இருந்தா எனக்கு மட்டும் தனியா அனுப்புவீங்களா?" அனுப்பிவிட்டேன். அதைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா பையன் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறான். "மாமா, எல்லாம் மீடியா பண்ற வேலை. மூஞ்சி எப்படி இருக்கணும்னு டி.வி.யும் விளம்பரமும் இன்ஸ்டாவும் ஜனங்களுக்குப் பாடம் நடத்துது" என்கிறான். (அவனுடைய டிபி-யைப் பார்த்தால் அவன் அம்மாவுக்கே அவனை அடையாளம் தெரியாது, அது வேறு கதை.) நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் அப்பா கறுப்பு-வெள்ளை காலத்திலேயே இதைச் செய்தவர். நெகட்டிவில் பென்சில் பிடிப்பதற்கான மீடியம் என்ற திரவத்தைத் தடவிக் காயவிட்டு, கூராகச் சீவிய பென்சிலால் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் டி.வி. கிடையாது. ஆனாலும், "பொண்ணு பார்க்க அனுப்புற படம், கொஞ்சம் பளிச்சுன்னு போட்டுக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி இரண்டு. யார் சொல்வது சரி? அப்புறம், "நிறம் மாற்றித் தரப்படாது" என்று கடையில் போர்டு வைத்தால் பிழைப்பு ஓடுமா?

---

ரிட்டயர்டு வாத்தியார், ராஜபாளையம் பக்கம்

தம்பி, முதல் கேள்விக்கு நான் உங்கள் கட்சி. மாசமாக இருக்கிற பொண்ணுக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கச் சொல்லி எந்த டி.வி.யும் கற்றுத்தரவில்லை. "பொண்ணு சிவப்பா இருக்குமா?" என்று தரகரிடம் கேட்ட கிழவிகள் யாரும் விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. வெயிலில் களையெடுப்பவளுக்கு ஒரு நிறம், திண்ணையைத் தாண்டாதவளுக்கு ஒரு நிறம் என்று சாதியும் நிலமும் சேர்ந்து போட்ட கணக்கு அது.

ஆனால் உங்கள் மருமகனை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறிப்போனது. அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

எங்கள் ஊரில் டூரிங் டாக்கீஸ் இருந்தது. கதாநாயகி திரையில் பத்தடி உயரத்துக்கு வருவாள், பார்த்து ரசித்துவிட்டு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவோம். அவள் மாதிரி நாம் இல்லையே என்று எந்தப் பெண்ணும் அழுததாக எனக்கு நினைவில்லை. அவள் வேறு உலகம். ஒரு பெண் தன்னை ஒப்பிட்டுப் பார்த்தது சித்தி மகளோடு, எதிர்வீட்டுக்காரியோடு. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் எழுதினார்: மனிதன் தன்னை எடைபோடுவது மற்றவர்களைப் பார்த்துத்தான், அதிலும் தன்னைப் போன்றவர்கள் என்று நினைப்பவர்களைப் பார்த்துத்தான் என்று.

இப்போது சீரியலுக்கு வாருங்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது, எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க வெகுநாள் ஆயிற்று. சன் டி.வி. 1993 ஏப்ரலில். 2006-க்குப் பிறகு அரசாங்கமே இலவசக் கலர் டி.வி. கொடுத்தது, ஓட்டு வீட்டிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. சீரியல் நாயகி சினிமா நாயகி மாதிரி சுவிட்சர்லாந்தில் ஆடுவதில்லை. மாமியாருக்குக் காபி போடுகிறாள், பஸ்ஸுக்கு நிற்கிறாள், மாடியில் வடகம் காயப்போடுகிறாள். நம்ம வீட்டுப் பொண்ணு செய்கிற அத்தனை வேலையும் செய்கிறாள், ஆனால் முகம் மட்டும் ஸ்டுடியோ வெளிச்சத்தில் பவுடர் கலையாமல் இருக்கிறது. தினமும் ராத்திரி, கைக்கெட்டும் தூரத்தில், முகத்தை மட்டும் காட்டி. அவள் 'நம்மைப் போன்றவள்' ஆகிவிட்டாள். உங்களிடம் வந்த அம்மா சினிமா நடிகையைக் காட்டவில்லை, சீரியல் நடிகையைக் காட்டினார், கவனித்தீர்களா?

---

மெடிக்கல் ஷாப் அக்கா, தேனி

நீங்கள் ஆல்பத்தில் செய்வதை முகத்திலேயே செய்துகொள்ள எங்கள் கடைக்கு வருகிறார்கள். அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் வருவார்கள். பொண்ணு வராது, தம்பியோ தோழியோ வரும், போனில் ஒரு க்ரீம் டியூப் படம் இருக்கும். நான் சொல்வது பல்பொருள் கடையில் விற்கிற க்ரீம் இல்லை. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்த மருந்து. மங்குக்குத் தோல் டாக்டர் கொஞ்ச காலத்துக்கு எழுதிக் கொடுப்பது. அதைத் தடவினால் ரெண்டு மூணு வாரத்தில் முகம் பளபளவென்று ஆகும், அது உண்மை. அதனால்தான் ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வாங்குகிறாள். அப்புறம் தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும், கன்னத்தில் நரம்பு தெரியும், பரு கிளம்பும், சிலருக்கு மீசை வளரும். பயந்துபோய் நிறுத்தினால் இன்னும் மோசமாகச் சிவந்து வீங்கும், அதனால் மறுபடி தடவுவார்கள். தோல் டாக்டர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று.

2018-ல் மத்திய அரசு இப்படி 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலில் ஏற்றியது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. நான் கொடுப்பதில்லை. "பக்கத்துக் கடையில தர்றாங்களே" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது? இதைவிடப் பயங்கரம் பார்லரிலும் ஆன்லைனிலும் வருகிற பெயர் தெரியாத டப்பாக்கள். கேரளாவில் மலப்புறம் பக்கம் 2023-ல் சிலருக்குச் சிறுநீரில் புரதம் போகிற கிட்னி நோய் வந்தது. தோண்டிப் பார்த்தால் பாதரசம் கலந்த வெளுக்கும் க்ரீம்.

விளம்பரத்துக்கு வருகிறேன். சிவப்பழகு க்ரீம் இந்தியாவில் 1975-லேயே வந்துவிட்டது. ரொம்ப வருஷம் ஒரே கதைதான்: கறுப்பாக இருந்தாள், வேலை கிடைக்கவில்லை, மாப்பிள்ளை கிடைக்கவில்லை, தடவினாள், கிடைத்தது. விளம்பரத் துறையின் சொந்தக் கவுன்சிலே 2014-ல் விதி போட்டது, கறுப்பாக இருப்பவர்களைத் தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று. 2020-ல் பெரிய பிராண்டு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' போட்டது. எங்கள் கடையில் இன்னும் பழைய பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள். பையன்களும் இப்போது பொண்ணுங்களுக்குச் சமமாக வாங்குகிறார்கள். ஆண்களுக்கென்று தனி க்ரீம் 2005-லேயே வந்தாயிற்று.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் ஆல்பத்தில் வெளுத்துக் கொடுத்தால் தோல் கெடாது, அது ஒரு நிம்மதி.

---

திருப்பூர் டிஜிட்டல் பிரிண்ட்

கஸ்டமர் கேட்கிறார், நாம் செய்கிறோம். பிளவுஸ் தைக்கிறவர் "உங்களுக்கு இந்தக் கழுத்து வேண்டாம்" என்று தத்துவம் பேசுவாரா? கலர் மாற்ற முகத்துக்கு இவ்வளவு என்று தனி ரேட் போட்டுவிடுங்கள். பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள்.

---

அருப்புக்கோட்டை ஸ்டுடியோ

நண்பரே, எங்கள் ஊரில் ரேட் போட்டால் அது கௌரவமாகிவிடும். "நாங்க காசு கட்டி கலர் போட்டோம்" என்று மாப்பிள்ளை வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். படத்தை ஒட்டாமல் பக்கத்திலேயே அச்சடிக்கிற கரிஷ்மா ஆல்பத்துக்கு அப்படித்தான் ஆயிற்று.

வாத்தியார் சார், அந்த சீரியல் கவனிப்பு சரிதான். யோசித்துப் பார்த்தால் இதுவரை சினிமா நடிகை படத்தைக் கொண்டுவந்தவர்கள் டிரெஸ்ஸுக்கும் போஸுக்கும்தான் கொண்டுவந்தார்கள்.

---

மதுரை கலர் லேப் ஆபரேட்டர்

அண்ணே, எல்லாரும் ஜனங்கள் மனசைப் பற்றியே பேசுகிறார்கள். மெஷினைப் பற்றி நான் பேசுகிறேன்.

பிலிம் காலத்தில் லேபுக்கு ஒரு அட்டை வரும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 1950-களிலிருந்து கோடாக் உலகம் பூராவும் அனுப்பியது, ஷெர்லி கார்டு என்று பெயர். முதலில் படத்தில் நின்ற பெண்ணின் பெயர் அது. அவள் தோல் சரியான நிறத்தில் பிரிண்டில் வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிலிம் கெமிக்கலே அந்தத் தோலை மனசில் வைத்துத்தான் செய்யப்பட்டது. பழுப்பு நிறங்களில் உள்ள நுணுக்கம் அதில் ஏறவே ஏறாது. லோர்னா ராத் என்று ஒரு கனடா ஆய்வாளர் இதைத் தோண்டி எழுதியிருக்கிறார்: கறுப்பர்கள் முகம் சரியாக வரவில்லை என்பதற்காக கோடாக் மாறவில்லையாம், சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் தங்கள் சரக்கு படத்தில் சரியாகத் தெரியவில்லை என்று புகார் செய்த பிறகுதான் கவனித்தார்களாம். தேக்கு மரத்துக்குக் கிடைத்த நியாயம் நம்ம மூஞ்சிக்குக் கிடைக்கவில்லை.

டிஜிட்டல் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். போன்காரர்கள் பியூட்டி மோடை ஆன் செய்தே விற்றார்கள். நாம் தொடாமலேயே தோல் வழவழவென்று ஆகி ஒரு படி வெளுத்து வரும். கூகுள் 2020-ல்தான் தன் போன்களில் அதைத் தானாக ஆன் ஆகாமல் வைத்தது. முகம் என்றால் அதுதான் என்று அந்த போன்களிலேயே தன்னைப் பார்த்து வளர்ந்த பொண்ணுக்கு, நீங்கள் எடுக்கிற நேர்மையான போட்டோ தப்பாகத்தான் தெரியும்.

இப்போது உங்கள் மேடைக்கு வாருங்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டி சட்டை. பின்னால் வெள்ளைத் துணி டெகரேஷன். வீடியோக்காரர் முகத்துக்கு நேரே எல்.இ.டி.யைப் பிடிக்கிறார். கேமரா மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை அதிகம் என்பதால் எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். அடி வாங்குவது கறுப்பு முகம்தான். கண் குழி, கன்ன எலும்பு, உதட்டுக் கோடு எல்லாம் நிழலில் அடைந்துபோகும். நெற்றியில் வியர்வை மட்டும் எல்.இ.டி.யில் வெள்ளையாக அடிக்கும். அம்மா அதைப் பார்த்து "கறுப்பா இருக்கு" என்கிறார். அவர் சொல்வது ஒரு வகையில் சரி. அவர் மகள் அந்தப் படத்தில் இருப்பது போல இருட்டாக இல்லை. அதை ஃபோட்டோஷாப்பில் தூக்கினால் சாம்பல் பூத்துத்தான் வரும், நீங்கள் இன்னும் தூக்குவீர்கள்.

முகத்தில் ஸ்பாட் மீட்டர் வையுங்கள், கேமரா அந்த ஒரு இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கும். வேட்டி கொஞ்சம் வெடித்தாலும் (வெள்ளை அதிகமாகிப் போனாலும்) பரவாயில்லை, ரா ஃபைலில், அதாவது கேமரா மாற்றாமல் சேமிக்கிற மூலப் பதிவில், மீட்டுவிடலாம். எல்.இ.டி.யை முகத்துக்கு நேரே வேண்டாம், பக்கவாட்டில், முன்னால் வெள்ளைத் துணியோ வெளிச்சத்தை மென்மையாக்குகிற பெரிய சாஃப்ட்பாக்ஸோ போட்டு. கறுப்புத் தோலில் அழகே ஒளி படிந்து வளைகிற இடத்தில்தான் தெரியும். டிஷ்யூ ஒன்று கையில் வைத்துக்கொண்டு வியர்வையை ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்துவிட்டு அப்புறம் எத்தனை அம்மாக்கள் போனைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

---

எகனாமிக்ஸ் படித்தவன், திருச்சி

டி.வி.யை எல்லாரும் சேர்ந்து அடிப்பதால் இன்னொரு பக்கமும் இருக்கட்டும்.

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 2001-லிருந்து 2003 வரை தமிழ்நாடு, பீகார், ஹரியானா, கோவா கிராமங்களில் கேபிள் வந்த ஊரையும் வராத ஊரையும் வைத்துப் பார்த்தார்கள். 180 கிராமங்களில் 21-க்கு அந்த இடைவெளியில் கேபிள் வந்தது. வந்த ஊர்களில், புருஷன் அடிப்பது நியாயம் என்று சொல்கிற பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது. வீட்டுக் காரியத்தில் தனக்கும் பேச்சு உண்டு என்பது கூடியது. பிரேசிலிலும் இதே போல: குளோபோ சேனலின் தொடர்கள் எட்டிய ஊர்களில் பெண்கள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, ஏனென்றால் தொடர்களில் வந்த குடும்பங்கள் சின்னக் குடும்பங்கள். பிள்ளைகளுக்குப் பாத்திரங்களின் பெயரையும் வைத்தார்கள்.

நம் ஊர் ஆய்வில் ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். கேட்டபோது பெண்கள் சொன்ன பதில்தான் அது. என்ன பதில் சொன்னால் நாகரிகம் என்பதையும் டி.வி.யே கற்றுக்கொடுத்திருக்கலாம். பள்ளிச் சேர்க்கையும் பிரசவ இடைவெளியும்கூட மாறியதால் வெறும் வாய்ப்பேச்சு மட்டும் இல்லை என்பது என் கட்சி.

இதற்கு நேரெதிர் ஃபிஜி. அங்கே நட்ரோகா பகுதிக்கு டி.வி. வந்தது 1995-ல். பருத்த, வலுவான உடம்பைத்தான் அழகு என்று கொண்டாடிய ஊர். ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு மருத்துவர் டி.வி. வந்த சூட்டிலும் 1998-லும் பள்ளிப் பெண்களிடம் கேட்டார். சாப்பாட்டுக் கோளாறுக்கான கேள்வித்தாளில் அபாய அளவைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடை குறைக்கத் தானாக வாந்தி எடுப்பவர்கள் முன்பு ஒருவர்கூட இல்லை, மூன்று வருஷத்தில் 11.3 சதவீதம். பழைய பழக்கம் அங்கே டி.வி.க்கு எதிராக இருந்தது, அப்படியும் தாங்கவில்லை. நம் ஊரில் பழைய பழக்கமும் டி.வி.யும் ஒரே பக்கம் இழுக்கின்றன. உங்கள் அக்கா பையனிடம் இதைச் சொல்லுங்கள், அவன் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

---

ரிட்டயர்டு வாத்தியார், ராஜபாளையம் பக்கம்

முகத்தைத் தாண்டி ஒன்று. என் வீட்டு அம்மாவுக்குக் கொலை, கொள்ளையை நடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி பார்க்காமல் தூக்கம் வராது. எங்கள் தெருவில் நானறிய ஒரு செருப்புகூடத் திருடுபோனதில்லை. ஆனாலும் ஏழு மணிக்கு மூன்று தாழ்ப்பாள். பேத்தி டியூஷன் விட்டு வர அரை மணி தாமதமானால் வீடு அல்லோலகல்லோலம். ஜார்ஜ் கெர்ப்னர் என்ற பேராசிரியர் அமெரிக்காவில் பல வருஷம் இதையே ஆராய்ந்தார்: டி.வி. அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை அது இருப்பதைவிடக் கொடியதாக நம்புகிறார்கள் என்று. இங்கே அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது பேத்திதான். டியூஷனை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நான் கூடப் போய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன்.

திருச்சித் தம்பி சொன்ன ஆய்வை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப டி.வி. பாக்குறது நல்லதுதான்?" என்றார்.

---

மாநிறம்தான், கோவை

தொழில் பக்கமும் ஆய்வுப் பக்கமும் பேசியாயிற்று. போட்டோவில் இருந்தவள் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஸ்டுடியோவில் எடுத்த படத்தை நல்லாவே வெளுத்துக் கொடுத்தார்கள். எந்த ஸ்டுடியோ என்பது வேண்டாம். படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் நேரில் வந்தது. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அத்தை பையிலிருந்து போனை எடுத்தார், படத்தைப் பெரிதாக்கினார், என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "போட்டோவுல நல்லா இருந்துச்சே" என்றார், திட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார். எங்கள் அம்மா, "வெயில்ல அலைஞ்சிட்டா" என்று சமாளித்தார். நான் அந்தப் படத்தை வெளுக்கச் சொல்லவே இல்லை. ஆனால் சபையில் ஏமாற்றிப் பிடிபட்டவளாக உட்கார்ந்திருந்தது நான்தான். அந்தச் சம்பந்தம் முடியவில்லை, நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள் யார் போட்டோ எடுத்தாலும் பின்வரிசைக்குப் போய்விடுவேன்.

இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. பாட்டியோடு வீடியோ கால் பேச வேண்டும் என்றால் ஃபில்டர் போட்டுத்தான் வருவாள். பாட்டிக்குக் கண் சரியில்லை, "யாருடி இது, அவளைக் கூப்பிடு" என்பார். எங்கள் வீட்டில் தினமும் இதே கூத்து. நாங்கள் யாரும் அவளிடம் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளிடம் பேசியது போன்தான்.

அண்ணா, போர்டு எல்லாம் வைக்காதீர்கள். வைத்தால் அம்மாக்கள் அடுத்த கடைக்குப் போவார்கள், அவ்வளவுதான். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படத்தை அம்மாவிடம் காட்டுவதற்கு முன்னால் பொண்ணிடம் காட்டுங்கள், தனியாக. உங்களுக்கு போன் செய்த பொண்ணு அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால் முதலிலேயே சொல்லியிருக்கும். சில பொண்ணுகள் வெளுக்கத்தான் சொல்வார்கள். அப்போதும் செய்து கொடுங்கள், அது அவள் முகம்.

---

அருப்புக்கோட்டை ஸ்டுடியோ

எல்லாருக்கும் நன்றி. அக்கா பையனுக்கு ஃபிஜி கதையைச் சொன்னேன், தலைகால் புரியவில்லை. குங்குமப்பூவையும் சேர்த்துச் சொன்னேன், கொஞ்சம் அடங்கினான். வாக்குவாதம் முடியவில்லை, ஆனால் இப்போது அது எங்கே சுற்றுகிறது என்றால், எங்கள் அப்பாவிடம் பென்சில் டச்சிங் கேட்டு வந்தவர்கள் யார் மாதிரி ஆக ஆசைப்பட்டார்கள் என்பதில். அப்பாவைக் கேட்டேன். "யார் மாதிரியும் இல்லடா, பளிச்சுன்னு இருக்கணும், அவ்வளவுதான். யாரும் படத்தைக் கொண்டாந்து காட்டினதில்ல" என்றார். வாத்தியார் சார் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆவணியில் ரெண்டு முகூர்த்தம் புக் ஆகியிருக்கிறது. புக்கிங் நோட்டில் அப்பா நம்பர், மாமா நம்பர் மட்டும்தான் வாங்குவோம். இந்த முறை பொண்ணு நம்பரையும் வாங்கிவிட்டேன். ஒரு வீட்டில் எதற்கு என்று கேட்டார்கள். சேலை கலருக்கு பேக்ட்ராப் பொருத்தம் பார்க்கணும் என்றேன். கோவைத் தங்கச்சி சொன்னபடி முதல் செலக்‌ஷன் அதற்குத்தான் போகும்.

போர்டு வைக்கவில்லை.

லேப் அண்ணே, ஸ்பாட் மீட்டர் போட்டு அக்கா பையனையே நிற்கவைத்து எடுத்துப் பார்த்தேன். அவனும் நல்ல கறுப்புதான். கண்ணுக்குக் கீழே வருகிற நிழல் மட்டும் இன்னும் அடைகிறது. வீடியோக்காரர் லைட்டைப் பக்கவாட்டில் வைக்க ஒத்துக்கொண்டார், ஆனால் சாஃப்ட்பாக்ஸுக்கு மேடையில் இடம் இருக்காது என்கிறார். வேறு வழி இருக்கிறதா?

---

மதுரை கலர் லேப் ஆபரேட்டர்

இடம் இல்லை என்றால் மேடைக்கு முன்னால் உட்காருகிற பையன் கையில் வெள்ளைத் தெர்மாகோல் ஷீட் ஒன்றைக் கொடுத்து, இடுப்பு உயரத்தில் முகத்தைப் பார்த்துச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கீழிருந்து கொஞ்சம் வெளிச்சம் ஏறினாலே போதும், கண்ணுக்குக் கீழ் நிழல் திறந்துவிடும். ரொம்பக் கீழே இறக்கினால் பேய்ப்பட லைட் ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ரா ஃபைல் ரெண்டு அனுப்புங்கள், பிரிண்ட் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.